தறி ஊரில் இருக்கட்டும், மற்றதை யோசித்து முடிவெடுங்கள்

கேள்வி: திருப்புட்குழியில் தலைமுறைகளாகப் பட்டுப் புடவை நெய்கிறோம். வீட்டில் இரண்டு தறி. மகன் ஆடை வடிவமைப்புப் படித்துவிட்டு, சொந்த டிசைனில் புடவை போட வேண்டும் என்கிறான். சென்னைக்குப் போ, பட்டுப் பூங்காவில் ஷெட் எடு, ஒரகடத்தில் வேலைக்குச் சேர் என்று ஆளுக்கொன்று சொல்கிறார்கள். ஊரிலேயே இருந்து பிழைக்க முடியுமா?

பதில்: முடியும். ஆனால் எந்தச் சலுகை எந்த இடத்தில் கிடைக்கிறது, எங்கே போனால் அது கைவிட்டுப் போகும் என்று தெரிந்துகொண்டுதான் இடத்தை முடிவு செய்ய வேண்டும்.

உங்கள் தொழிலுக்கு வேண்டிய பட்டுநூல் பெரும்பாலும் கர்நாடகத்திலிருந்து வருகிறது. ஜரிகை சூரத்திலிருந்து வருகிறது. ஆனாலும் தொழில் காஞ்சிபுரத்தைச் சுற்றியே நிற்கிறது. கைத்திறன் ஒரு காரணம். அரசு இங்கே எதை வைத்தது என்பது இன்னொரு காரணம். கூட்டுறவுச் சங்கங்கள், 1935-இல் தொடங்கிய கோ-ஆப்டெக்ஸ், 1971-இல் காஞ்சிபுரத்தில் வந்த தமிழ்நாடு ஜரிகை ஆலை, மத்திய அரசின் நெசவாளர் சேவை மையம் எல்லாம் சேர்ந்துதான் நெசவை இங்கே பிடித்து வைத்திருக்கின்றன.

அதே அரசுதான் ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் பக்கம் சிப்காட் பூங்காக்களையும் அமைத்தது. 1996-இல் இருங்காட்டுக்கோட்டைக்கு ஹூண்டாய் வந்தபின் கிராமம் கிராமமாகக் கம்பெனி பஸ் ஓடத் தொடங்கியது. உடலையும் கரையையும் தனித்தனி நிறத்தில் இணைத்து நெய்யும் கோர்வைப் புடவைக்கு மூன்று நாடா வேண்டும், பக்கத்தில் ஒரு துணையாளும் வேண்டும். அந்தத் துணையாளாக உட்கார வேண்டிய பிள்ளைகள்தான் பஸ் ஏறினார்கள். மாதச் சம்பளத்தைக் குறை சொல்ல முடியாது. ஆனால் அதுவும் நிரந்தரமில்லை: ஸ்ரீபெரும்புதூரில் 2006-இல் உற்பத்தி தொடங்கிய நோக்கியா ஆலை, வரித் தகராறுக்கு நடுவே 2014-இல் மூடப்பட்டது.

இனி, நீங்கள் செய்ய வேண்டியவை.

1. தறியை வீட்டிலேயே வையுங்கள். 2023 முதல் கைத்தறி நெசவாளருக்கு இரண்டு மாதத்துக்கு 300 யூனிட் மின்சாரம் இலவசம். கீழ்க்கதிர்ப்பூரில் உள்ள பேரறிஞர் அண்ணா பட்டுப் பூங்காவில் ஷெட் எடுப்பதென்றால் வாடகை, பராமரிப்புச் செலவு, குத்தகைக் காலம் மூன்றையும் எழுத்தில் வாங்கிப் பாருங்கள். இரண்டு தறிக்கு அந்தச் செலவு கட்டுப்படியாகாது. பத்து, பதினைந்து குடும்பங்கள் சேர்ந்து எடுத்தால் கணக்கு மாறும்.

2. ஒரு தறியைச் சங்கத்துக்கோ முதலாளிக்கோ கூலிக்கு ஓட்டுங்கள். மற்றதில் மட்டும் சொந்த டிசைன் போடுங்கள். சங்கத்துப் பாவில் சொந்தப் புடவை நெய்யக் கூடாது. புது டிசைன் விற்க மாதங்கள் ஆகலாம். அதுவரை அடுப்பு எரிய வேண்டும்.

3. கடன் வாங்குவதென்றால் நெசவாளர் முத்ரா திட்டத்தை முதலில் கேளுங்கள். வட்டி 6 சதவீதம். நெசவாளர் அடையாள அட்டையைத் தயாராக வைத்திருங்கள்.

4. மகனுக்குக் காஞ்சிபுரத்தைப் பழக்குங்கள். டிசைனைக் கணினியில் வரையலாம்; ஜக்கார்டு அட்டையில் அது ஏறுமா, எத்தனை அட்டை வேண்டும், என்ன செலவு என்பதை நகரத்தில் அட்டை அடிப்பவரும் சேவை மையமும்தான் சொல்வார்கள். சென்னை அவனுக்கு வாடிக்கையாளர் இருக்கும் ஊர். பட்டறை வைக்க அது இடமில்லை.

5. காஞ்சிப் பட்டுக்குப் புவிசார் குறியீடு பல ஆண்டுகளாக இருக்கிறது. ஆனால் ஊர் நெய்கிறது என்பதற்காக அந்தக் குறியீட்டைப் பயன்படுத்தும் உரிமை தானாக உங்கள் புடவைக்கு வராது. பதிவின் எல்லையில் உங்கள் ஊர் வருகிறதா என்று பார்த்து, கிண்டியில் உள்ள பதிவகத்தில் அங்கீகரிக்கப்பட்ட பயனாளராக விண்ணப்பியுங்கள். இதற்கான கட்டணம் 2020 திருத்தத்தில் 500 ரூபாயிலிருந்து 10 ரூபாயாகக் குறைந்தது.

6. வாட்ஸ்அப்பில் போடும் முன் டிசைனைப் பதிவு செய்யுங்கள். 2000-ஆம் ஆண்டின் வடிவமைப்புச் சட்டம் 10 ஆண்டுப் பாதுகாப்புத் தருகிறது. மேலும் 5 ஆண்டு நீட்டிக்கலாம். மயில், அன்னம், ருத்ராட்சம் போன்ற பழைய உருவங்களுக்கு யாரும் உரிமை கோர முடியாது. உங்கள் ஊர் ஜடாயுவுக்கு ராமர் ஈமக்கடன் செய்த தலம். அந்தக் கதை பொதுச் சொத்து. மகன் புதிதாக வரையும் ஜடாயுவுக்குப் பதிவு கேட்கலாம்.

7. தறியில் மோட்டார் பொருத்தும் முன் கைத்தறித் துறை உதவி இயக்குநர் அலுவலகத்தில் கேளுங்கள். 1985-ஆம் ஆண்டுச் சட்டம் சில ரகங்களைக் கைத்தறிக்கு மட்டும் ஒதுக்கியிருக்கிறது. மின்சாரத்தில் ஓடும் தறி விசைத்தறிக் கணக்கில் போய்விட்டால் அந்தப் பாதுகாப்பும் சலுகையும் கேள்விக்குள்ளாகும்.

நம் கொள்கையில் ஒரு குறையும் இருக்கிறது. புவிசார் குறியீடு பெயரைக் காக்கிறது. நெய்பவர் எண்ணிக்கையைக் கேட்பதில்லை. ஜப்பான் 1974-இல் கொண்டுவந்த பாரம்பரியக் கைத்தொழில் சட்டம் அதையும் பார்க்கிறது. ஒரு வட்டாரத்தில் குறைந்தது 10 தொழிலகங்களோ 30 பேரோ அந்தத் தொழிலில் இருந்தால்தான் அங்கீகாரம். அங்கீகாரம் பெற்ற தொழில் அடுத்த தலைமுறையைப் பயிற்றுவிக்கத் திட்டம் கொடுத்து உதவி பெறலாம். கியோட்டோவின் நிஷிஜின் பட்டு அப்படி அங்கீகரிக்கப்பட்டதுதான்.

உங்கள் ஊருக்கும் இப்படியொரு பயிற்சி உதவிதான் தேவை. ஆண்டுக்கு ஆறு கிராம சபைக் கூட்டம் நடக்கிறது. அடுத்த கூட்டத்துக்கு ஊரில் ஓடும் தறிகளின் பட்டியலோடு போய், கோர்வைத் துணையாளுக்கு உதவித்தொகையுடன் பயிற்சி வேண்டும் என்று தீர்மானம் கேளுங்கள். இரண்டு தறிக்காரர் தனியாகக் கேட்டால் அது மனு; ஊர் சேர்ந்து கேட்டால் துறை பதில் சொல்லியாக வேண்டும்.