எழுத்து மறைந்தது, ஒலி நின்றது

எழில், புகழேந்தி என்ற பெயருடைய நம் பிள்ளைகள் வடநாட்டுப் பள்ளிகளில் படும் பாட்டை நாம் அறிவோம். ழகரத்துக்காக ஆங்கிலத்தில் நாம் இடும் 'இசட்-எச்' எழுத்துகளைக் கண்டதும் ஆசிரியர் 'எஜில்' என்று அழைப்பார். இதே தொல்லையைப் பல நூற்றாண்டுகளாகச் சுமக்கும் குடும்பப் பெயர் ஒன்று ஸ்காட்லாந்தில் உண்டு.

அதை டி-ஏ-எல்-இசட்-ஐ-இ-எல் என்று எழுதுவர். படிப்பவர் 'டால்சீல்' என்பார். மரபான உச்சரிப்போ 'டீயெல்'! அப்படியானால் நடுவில் இசட் எதற்கு?

உண்மையில் அது இசட்டே அன்று. பழைய ஸ்காட் மொழியில் 'யோக்' என்றோர் எழுத்து இருந்தது. வடிவம் ஏறத்தாழ 3 என்ற எண்ணைப் போன்றது. இப்பெயரில் அது யகர ஒலியைக் குறித்தது. ஆகவே பழைய ஒலி 'டல்யெல்'. பேச்சில் தேய்ந்து 'டீயெல்' ஆயிற்று.

1507இல் மன்னர் நான்காம் ஜேம்ஸ், செப்மன், மில்லர் என்னும் இருவருக்கு அச்சிடும் உரிமை அளித்தார். ஸ்காட்லாந்தில் அச்சுத்தொழில் இவ்வாறு தொடங்கியது. வெளிநாட்டிலிருந்து வந்த அச்செழுத்துகளில் யோக் பெரும்பாலும் இல்லை. கையெழுத்தில் அதை ஒத்திருந்த இசட்டை அச்சுக்கோப்பவர்கள் அவ்விடத்தில் வைத்தனர். மாற்று எழுத்தே நிலைத்துவிட்டது.

லானர்க்ஷயரில் மதர்வெல் நகரை ஒட்டிய ஒரு நிலப்பகுதியின் பெயரே இக்குடும்பத்துக்கு வந்தது. ஆனால் குடும்பக் கதை வேறு: தூக்கிலிடப்பட்ட அரச உறவினர் ஒருவரின் உடலை மீட்க யார் துணிவார் என்று மன்னர் கேட்க, 'நான் துணிவேன்' என்று முன்வந்தவரே முன்னோராம். அதுவே குலமொழி, பழைய கேடயச் சின்னத்திலும் தூக்கிலிடப்பட்ட மனித உருவம் இருந்தது.

ஒரு கிளையினர் இசட்டை விலக்கி 'ஒய்' எழுத்தை இட்டனர். 1681இல் ஸ்காட்லாந்தின் புகழ்பெற்ற குதிரைப்படையை அமைத்த தளபதி தாமஸ் டீயெல் அக்கிளையினர். 1962 முதல் 2005 வரை பிரிட்டிஷ் நாடாளுமன்றத்தில் இருந்த டாம் டீயெலும் அவ்வழியினரே.

மெக்கன்சி என்ற பெயரிலும் யோக் இருந்தது. இன்றோ எல்லோரும் இசட் ஒலியுடனே சொல்கிறார்கள். அப்பெயரில் அச்சு வென்றது. டீயெல் பிழைத்ததற்குக் காரணம், வீட்டார் தம் பெயரைத் தாமே சரியாகச் சொல்லி வந்ததுதான்.

நமக்கும் இதில் பாடம் உண்டு. ழகரத்தை ஆங்கில எழுத்து காப்பாற்றாது. வீட்டில் நாள்தோறும் பிள்ளையைச் சரியாக அழைக்கும் வாய்தான் காப்பாற்றும்.