டில்லி நம்பர் வண்டி

பெரியபாளையம்

அன்புள்ள மாப்பிள்ளைக்கு மாமா எழுதுவது. இங்கே ஆடிக் கூட்டம் தொடங்கிவிட்டது. ஞாயிற்றுக்கிழமைகளில் பவானி அம்மன் கோயிலுக்கு வரும் வேன்களைத் தாண்டி பால் வாங்கப் போவதே பெரிய காரியமாக இருக்கிறது.

நீ அனுப்பிய வீடியோவைப் பார்த்தேன். 2013 பி.எம்.டபிள்யூ 320டி, கருநீலம், டில்லி நம்பர், ஏழே முக்கால் லட்சம். போனில் பேசினால் "சரி மாமா, சரி மாமா" என்று பாதியில் வைத்துவிடுவாய். அதனால்தான் எழுதுகிறேன்.

வண்டி மோசம் என்று சொல்ல வரவில்லை. ஓட்டிப் பார்த்தவனுக்கு அதன் இழுவை தெரியும். இந்தக் கம்பெனி 2007இல் மறைமலைநகர் பக்கம் மகிந்திரா வேர்ல்டு சிட்டியில்தான் ஆலை போட்டது. ஆக, அது அநேகமாக நம் பக்கத்தில் பிறந்து, டில்லிக்கு வாழப் போய், இப்போது பெட்டியோடு திரும்பி வருகிற பெண். ஏன் திரும்பி வருகிறாள் என்றுதான் முதலில் விசாரிக்க வேண்டும்.

"டில்லியில் டீசலுக்குத் தடை மாமா, அதனால்தான் சல்லிசு" என்கிறாய். அது முக்கால் உண்மை. 2015 ஏப்ரலில் தேசிய பசுமைத் தீர்ப்பாயம், பத்து வருஷம் தாண்டிய டீசல் வண்டி டில்லிப் பக்கம் ஓடக் கூடாது என்றது. 2018 அக்டோபரில் உச்ச நீதிமன்றமும் அதை உறுதி செய்தது. 2025 ஜூலை 1 முதல் அப்படிப்பட்ட வண்டிக்கு பங்க்கில் எண்ணெயே ஊற்றக் கூடாது என்று தொடங்கி, சில நாளிலேயே நிறுத்திவைத்தார்கள். ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம், வயதை மட்டும் காரணம் காட்டி நடவடிக்கை எடுக்காதீர்கள் என்றது. டிசம்பரில், அந்தச் சலுகை புகைத் தரத்தில் பி.எஸ் 4க்கும் அதற்கு மேலுள்ள வண்டிகளுக்கும் மட்டும்தான் என்று திருத்தியது. நீ பார்த்த வண்டி பி.எஸ் 4. அதை டில்லிக்காரர் அங்கேயே ஓட்டிக்கொண்டிருக்கலாம். அப்படியிருந்தும் விற்கிறார் என்றால், காரணம் கோர்ட்டா எஞ்சினா என்று கேட்க வேண்டாமா? சட்டத்துக்குப் பயந்துகூட விற்கலாம், விதி அடிக்கடி மாறுகிறதே. ஆனால் புரோக்கர் சொல்லும் ஒரு காரணத்தை மட்டும் நம்பி ஏழே முக்கால் லட்சம் கொடுக்காதே.

இன்னொன்று. அந்தக் காலத்தில் பெரிய கார் வாங்கியவர்கள் டீசலையே எடுத்ததற்கு வலுவான காரணம் இருந்தது. 2012இல் ஒரு கட்டத்தில் பெட்ரோலுக்கும் டீசலுக்கும் லிட்டருக்கு 25 ரூபாய்க்கு மேல் வித்தியாசம். 2014 அக்டோபரில் டீசல் விலைக் கட்டுப்பாட்டை எடுத்தார்கள். அந்த இடைவெளி சுருங்கி, இப்போது பத்து ரூபாய்கூட இல்லை. நீ தினம் புதுவாயல் வழியாகக் கும்மிடிப்பூண்டி சிப்காட்டுக்குப் போய்வருவதில் டீசலால் மிச்சமாகும் காசு, ஒரு இன்ஜெக்டர் போனால் போச்சு.

இன்ஜெக்டர் என்றதும் மாமா தொழிலுக்குள் போய்விட்டேன் என்று சிரிக்காதே. நான் லாரி பம்புகளோடு கிடந்தவன். பழைய மைகோ பம்பில் நாசில் சுமார் 200 பார் அழுத்தத்தில் திறக்கும். கொஞ்சம் தண்ணீர் கலந்தாலும், கொஞ்சம் தூசி போனாலும் புகை விட்டுக்கொண்டே ஊர் வந்து சேரும். இந்தக் காமன் ரெயில் வண்டிகளில் 1,600 பாருக்கு மேல். அங்கே ஒரு துளி தண்ணீர், ஒரு துகள் துரு போதும். பம்பு தேய்ந்து, அந்தப் பொடி நாலு இன்ஜெக்டருக்கும் போய்விடும். அப்புறம் டேங்க், லைன், பம்பு, இன்ஜெக்டர் என்று எல்லாவற்றையும் கழற்ற வேண்டும். அடுத்தது செயின். 320டியில் அந்த வருஷங்களில் வந்தது என்47 என்ற எஞ்சின். அதன் டைமிங் செயின் எஞ்சினுக்குப் பின்புறம், கியர்பாக்ஸ் பக்கம் இருக்கிறது. அந்தச் செயின் தேய்ந்து அறுந்த கதை உலகம் பூராவும் உண்டு. முன்புறம் இருந்தால் ரேடியேட்டர் பக்கத்தைத் திறந்து பார்க்கலாம். பின்புறம் என்பதால் கியர்பாக்ஸை இறக்காமல் கை வைக்க முடியாது. வேலை என்று போனால் லட்சத்தில்தான் பேசுவார்கள். அறுந்துவிட்டால் வால்வும் பிஸ்டனும் முட்டி, எஞ்சினே போகும்.

வண்டியின் விலைதான் இறங்கியிருக்கிறது. உதிரி பாகத்தின் விலை, புதிதில் முப்பது லட்சத்தைத் தாண்டிய காருக்கு உள்ள விலைதான். இதை நீ மறந்துவிடுவாயோ என்றுதான் எனக்குக் கவலை. அந்தக் காரில் வருவது ரன்ஃபிளாட் டயர். பக்கத்தில் தேர்வாய் கண்டிகையில் டயர் ஆலை இருந்தென்ன, பக்கச்சுவர் கிழிந்தால் நம் ஊர் பஞ்சர் கடையில் அந்த டயர் கிடைக்காது. சிப்காட் ரோட்டில் கன்டெய்னர் லாரிகள் போட்ட பள்ளங்கள் உனக்கே தெரியும்.

கடுதாசி வேலையும் இருக்கிறது. வெளிமாநில வண்டியை இங்கே பன்னிரண்டு மாதத்துக்கு மேல் வைத்திருந்தால் நம் மாநில நம்பர் வாங்க வேண்டும். ஆயுள் வரி வயதுக்கேற்பக் குறையும். ஆனால் கணக்கு தொடங்குவது நீ கொடுத்த விலையில் இல்லை, வண்டியின் புது விலையில். புரோக்கரிடம் இதைக் கேட்டால் "பாத்துக்கலாம் சார்" என்பான். யார் பார்ப்பது? என்.ஓ.சி, முந்தைய கடன் தீர்ந்ததற்கான பேங்க் கடிதம், படிவம் 29, 30 எல்லாம் கைக்கு வராமல் முன்பணம்கூடக் கொடுக்காதே. 2013 பதிவென்றால் 2028இல் பதினைந்து வருஷம் முடிகிறது. அதன் பிறகு எஃப்.சி எடுத்து, புதுப்பிக்க ஐயாயிரம் கட்டணம் கட்டி, பசுமை வரியும் கட்ட வேண்டும்.

வெள்ளத்தில் நனைந்த வண்டியா என்றும் பார்க்க வேண்டும். 2023 ஜூலையில் யமுனை டில்லிக்குள் புகுந்தது. அதே வருஷம் டிசம்பரில் மிக்ஜாம் புயலில் சென்னை மூழ்கியது. 2015 வெள்ளத்துக்குப் பின் எத்தனை நனைந்த கார்கள் கழுவித் துடைத்துச் சந்தைக்கு வந்தன என்று நமக்குத் தெரியும். எங்கே வண்டி பார்த்தாலும் சீட் பெல்ட்டைக் கடைசி வரை இழுத்துப் பார். அடிப்பகுதியில் சேற்றுக்கோடு இருந்தால் பேசாமல் திரும்பி வந்துவிடு. டிக்கியின் விரிப்பைத் தூக்கிப் பார். டயரின் பக்கவாட்டில் நாலு எண் இருக்கும், 3522 என்றால் 2022இன் 35ஆம் வாரம். மீட்டரில் நாற்பதாயிரம் கிலோமீட்டர் காட்டும் வண்டி எத்தனையாவது செட் டயரில் நிற்கிறது என்று அதில் கணக்குப் போடலாம்.

ஆகவே இந்த டில்லி வண்டி வேண்டாம். அதற்காக உன் ஆசையே வேண்டாம் என்று சொல்லமாட்டேன். உங்கம்மா போன் செய்து, பெண் பார்க்கப் போகும் நேரத்தில் நல்ல கார் இருந்தால் கௌரவம் என்றாள். பெண் வீட்டார் காரைப் பார்த்து மயங்குகிறவர்கள் என்றால் அந்த இடமே வேண்டாம் என்று சொல்லிவிட்டேன், கோபித்துக்கொண்டாள். அதை விடு. நம் மாநில நம்பர், ஒரே ஓனர், கம்பெனி சர்வீஸ் பதிவு முழுசாக இருக்கிற வண்டி வந்தால் பார்க்கலாம். வாங்குகிற விலையில் பாதியாவது ரிப்பேருக்கென்று தனியாகக் கையில் இருக்க வேண்டும், கடனாக இல்லை. வேலைக்குப் போக உன் பைக்கையும் விற்காதே. கார் ஒர்க்ஷாப்பில் உதிரி பாகத்துக்குக் காத்திருக்கும் வாரங்கள் கண்டிப்பாக வரும்.

அண்ணா நகரில் ஒரு டாக்டர் 2017 மாடலை விற்கப் போவதாகச் சொன்னாயே, அதை நேரில் பார்ப்போம். சனிக்கிழமை காலை ஆறு மணிக்கு வருகிறோம் என்று சொல்லிவை. முதல் நாள் ராத்திரியிலிருந்து வண்டியை ஸ்டார்ட் செய்யாமல் வைத்திருக்க வேண்டும். குளிர்ந்த எஞ்சினில்தான் செயின் சத்தம் கேட்கும், வெள்ளைப் புகையா கரும்புகையா என்று தெரியும். ஆயில் மூடியைத் திறந்து பேக் கம்ப்ரஷன் அடிக்கிறதா என்று நான் பார்த்துக்கொள்கிறேன். ஸ்கேனர் வைத்திருக்கும் பையன் ஒருவனை செங்குன்றத்தில் ஏற்றிக்கொள்ளலாம், அவனுக்கு ஆயிரம் ரூபாய் எடுத்து வை. நீ ஐந்து மணிக்கெல்லாம் இங்கே வந்துவிடு. விடிந்தால் ஜனப்பன்சத்திரம் கூட்டுச்சாலையில் லாரி நிற்க ஆரம்பித்துவிடும்.

அன்புடன்,
மாமா