சூரியச் சீற்றங்களைப் படிக்க வருகிறவர்களுக்கு

1. எக்ஸ் கதிரை மட்டும் பார்த்துவிட்டு ஒரு ஃப்ளேர் (சூரியச் சீற்றம்) புரிந்துவிட்டது என்று சொல்லாதீர்கள். ரேடியோவை மட்டும் கேட்டுவிட்டும் சொல்லாதீர்கள். காந்தப்புலத்தில் தேங்கிய ஆற்றல் திடீரென்று அவிழும்போது எலெக்ட்ரான்கள் முடுக்கப்படுகின்றன. கீழே பாய்பவை அடர்ந்த வாயுவில் மோதி வன் எக்ஸ் கதிர் தருகின்றன. காந்த வளையத்துக்குள் சுழல்பவை மைக்ரோவேவ் தருகின்றன. வெளியே தப்புபவை போகிற வழியெல்லாம் மீட்டர் அலைகளை எழுப்புகின்றன. ஒன்றை விட்டால் கதையில் பாதி போய்விடும்.

2. நேர அச்சை முதலில் பாருங்கள். மைக்ரோவேவ் குத்திட்டு எழுந்து விழும்; மென் எக்ஸ் கதிர் நிதானமாக ஏறி மெல்ல இறங்கும். மைக்ரோவேவைக் காலத்தோடு கூட்டிக்கொண்டே போனால் மென் எக்ஸ் கதிரின் ஏறுமுகம் கிடைக்கும் என்று வெர்னர் நியூபெர்ட் 1968இல் காட்டினார். எலெக்ட்ரான்கள் சூடாக்கிய வாயு, 1 முதல் 2 கோடி டிகிரியில் மேலெழுந்து வளையத்தை நிரப்புவதுதான் காரணம். எல்லா ஃப்ளேருக்கும் இது பொருந்தாது. பொருந்தாதவற்றைத் தனியாக எடுத்து வையுங்கள்; நல்ல ஆய்வுக் கட்டுரை அங்கேதான் இருக்கிறது.

3. வகுப்பைக் கண்டு மயங்காதீர்கள். ‘எக்ஸ் வகுப்பு’ என்றால் 1 முதல் 8 ஆங்ஸ்ட்ராம் வரையிலான மென் எக்ஸ் கதிரின் உச்சம் சதுர மீட்டருக்கு 0.0001 வாட்டைத் தொட்டது என்று பொருள், அவ்வளவுதான். 2006 டிசம்பர் 6 அன்று வந்தது எக்ஸ்-6 அளவிலான ஃப்ளேர். ஆனால் 1.4 கிகாஹெர்ட்ஸ் பக்கம் அது எழுப்பிய ரேடியோ வெடிப்பு ஏறத்தாழ 10 லட்சம் சூரிய அலகு (சூரிய ரேடியோ அலைகளின் செறிவை அளக்கும் அலகு). பகல் பக்கத்திலிருந்த ஜிபிஎஸ் கருவிகள் தடுமாறின. 2003 நவம்பர் 4 ஃப்ளேர் எக்ஸ் கதிர் உணரியையே திணறடித்தது. ஆனால் அதே 1.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் அது 2006-க்குப் பக்கத்தில்கூட வரவில்லை.

4. ரேடியோவில் அதிர்வெண் என்பது உயரம். இது கைவந்தால் பாதிக் கிணறு தாண்டியாயிற்று. ஒரு கன சென்டிமீட்டரில் எத்தனை எலெக்ட்ரான் என்று எடுத்து, அதன் வர்க்கமூலத்தை 9 கிலோஹெர்ட்ஸால் பெருக்குங்கள்; அங்கே எழும் அலையின் அதிர்வெண் கிடைக்கும். 10 கோடி எலெக்ட்ரானுக்கு 90 மெகாஹெர்ட்ஸ். மேலே போகப் போக கொரோனா மெலிவதால் அதிர்வெண் இறங்கும். ரேடியோ வெடிப்புகளில் மூன்றாம் வகை சில நொடிகளில் சரிகிறது. அதை எழுப்பும் எலெக்ட்ரான்கள் ஒளி வேகத்தில் மூன்றிலொரு பங்குவரை எட்டுகின்றன. இரண்டாம் வகை நிமிடக்கணக்கில் இறங்கும். அதை எழுப்புவது நொடிக்கு சுமார் 1,000 கிலோமீட்டர் வேகத்தில் போகும் அதிர்ச்சி அலை. வந்த அலை இரண்டாம் சுருதியா (அடிப்படை அதிர்வெண்ணின் இரு மடங்கா) என்று கேட்க மறந்தால் அடர்த்தி நான்கு மடங்கு தப்பும். கணினிக்கு முன் பென்சிலால் போட்டுப் பாருங்கள்.

இன்னொன்று. இறங்கிய அதிர்வெண் திரும்ப ஏறினால் பதறாதீர்கள். எலெக்ட்ரான்கள் வளையத்தின் உச்சியைத் தாண்டித் திரும்புகின்றன. ‘யு’ வடிவிலான இந்த வெடிப்பை 1958இல் அறிவித்தவர்கள் ஆலன் மாக்ஸ்வெல்லும் கோவிந்த் ஸ்வரூப்பும். பின்னாளில் ஊட்டி ரேடியோ தொலைநோக்கியைக் கட்டிய அதே ஸ்வரூப்தான்.

5. இரைச்சலைத் தூக்கி எறியுமுன் அது எந்தத் திசையிலிருந்து வருகிறது என்று பாருங்கள். 1942 பிப்ரவரியில் பிரிட்டிஷ் ராணுவ ரேடார்கள் இரைச்சலில் மூழ்கின. எதிரியின் வேலை என்றே ஐயம். அதை ஆராய்ந்த ஜே. எஸ். ஹே திசைகளை ஒப்பிட்டார்; எல்லாம் சூரியனைக் காட்டின. அப்போது பெரிய கரும்புள்ளிக் கூட்டமொன்று சூரியனின் முகத்தைக் கடந்துகொண்டிருந்தது. போர் முடிந்த பிறகு, 1946இல்தான் அவரால் அதை வெளியிட முடிந்தது.

6. விண்மீன்களுக்குப் போகும்போது அலகைக் கவனியுங்கள்; அங்கே ரேடியோவை ஜான்ஸ்கியில் அளப்பார்கள்: ஒரு சூரிய அலகு 10,000 ஜான்ஸ்கி.

7. விதிகளை மதியுங்கள், கும்பிடாதீர்கள். சூரிய ஃப்ளேர் முதல் சீறும் விண்மீன்கள்வரை எக்ஸ் கதிருக்கும் ரேடியோவுக்கும் ஏறக்குறைய நிலையான விகிதம் உண்டு என்று 1993இல் கூடெலும் பென்ஸும் காட்டினார்கள். அதன்படி எல்பி 944-20 என்ற பழுப்புக் குள்ளன் ரேடியோவில் தெரியவே கூடாது. கோடைப் பயிற்சிக்கு வந்த மாணவர்கள் நியூ மெக்சிகோவின் விஎல்ஏ தொலைநோக்கியைத் திருப்பிப் பார்த்தார்கள். எதிர்பார்த்ததைவிடப் பத்தாயிரம் மடங்கு பிரகாசமாகத் தெரிந்தது. 2001இல் ‘நேச்சர்’ இதழில் வந்தது.

8. தரவு இல்லை என்று சாக்குச் சொல்லாதீர்கள். ஆதித்யா எல்-1 விண்கலத்தின் எக்ஸ் கதிர்ப் பதிவுகளை இஸ்ரோ பொதுவில் தருகிறது. ஈ-கலிஸ்டோ நிலையங்களின் ரேடியோ நிறமாலைகளும் இலவசம். ஒரே ஃப்ளேரின் இரண்டு பதிவுகளையும் ஒரே நேர அச்சில் வரைந்து எடுத்து வாருங்கள். பிறகு பேசுவோம்.