43,20,000: மகாயுகக் கணக்கின் பெருமை

ஆலயத்திலே பூசை தொடங்குமுன் சங்கற்பம் செய்யும் சிவாச்சாரியார் கலியுகத்தைக் குறிப்பிடுவதை நாம் எல்லோரும் கேட்டிருக்கிறோம். அக்கலியுகம் 4,32,000 ஆண்டுகளைக் கொண்டது. துவாபரயுகம் அதன் இருமடங்கு (8,64,000). திரேதாயுகம் மும்மடங்கு (12,96,000). கிருதயுகம் நான்மடங்கு (17,28,000). 1, 2, 3, 4 என்பவற்றைக் கூட்டினால் 10. ஆதலால் நான்கும் சேர்ந்த மகாயுகம் கலியுகத்தின் பத்து மடங்காகிய 43,20,000 ஆண்டுகளாகும்.

இவ்வெண்ணின் இயல்பு யாது? எட்டு இரண்டுகளையும் மூன்று மூன்றுகளையும் நான்கு ஐந்துகளையும் ஒன்றாகப் பெருக்கினால் இவ்வெண் கிடைக்கும். 8, 3, 4 என்பவற்றோடு ஒவ்வொன்று கூட்டி, 9, 4, 5 எனப் பெருக்க 180 வரும். இதனை மீதியின்றி வகுக்கும் எண்கள் இத்தனை உள்ளன. மாதங்கள் 12, நட்சத்திரங்கள் 27, ஒரு நாளின் நாழிகை 60, செபமாலை மணிகள் 108 ஆகிய யாவும் இதனுள் அடங்கும். 360ஆல் வகுத்தால் 12,000 தேவ ஆண்டுகள் வரும். வாரத்தின் 7 மட்டும் அடங்காது. யுகங்கள் ஒவ்வொன்றின் இலக்கங்களையும் ஒற்றை இலக்கம் வரும்வரை கூட்டிப் பாருங்கள், 9 வரும். அவை யாவும் 9இன் மடங்குகளாக இருப்பதே காரணம்.

இத்துணைப் பெரிய எண் எதற்கு? கி.பி. 499ஐ ஒட்டி வாழ்ந்த ஆரியபட்டர் இதற்கு வழி காட்டுகிறார். ஒரு மகாயுகத்தில் சூரியன் 43,20,000 சுற்றுக்களும் சந்திரன் 5,77,53,336 சுற்றுக்களும் சுற்றும் என்றும், அதில் 1,57,79,17,500 நாட்கள் உண்டு என்றும் அவர் கணித்தார். காலம் நீண்டதாக இருந்தபடியால் பின்னம் இல்லாமல் முழு எண்களாலேயே எல்லாவற்றையும் சொல்ல முடிந்தது.

நாட்களை ஆண்டுகளால் வகுத்தால், ஓர் ஆண்டு 365 நாள் 6 மணித்தியாலம் 12 நிமிடம் 30 செக்கன். சந்திரனின் சுற்றுக்களில் சூரியனின் சுற்றுக்களைக் கழித்து, வருந்தொகையால் நாட்களை வகுத்தால், அமாவாசைக்கு அமாவாசை சராசரி 29.53058 நாள். இக்கால அளவீட்டுக்கும் இதற்கும் ஒரு செக்கன்கூட வித்தியாசம் இல்லை.

எனினும் ஆண்டுக் கணக்கில் சிறு வேறுபாடு உண்டு. சூரியன் அதே நட்சத்திர இடத்துக்கு மீள 365 நாள் 6 மணித்தியாலம் 9 நிமிடம் 10 செக்கன் ஆகும் என்பது இன்றைய அளவு. மிகை 3 நிமிடம் 20 செக்கன் மாத்திரமே. ஆனால் அது சேர்ந்து 432 ஆண்டுகளில் ஒரு நாளாகிவிடும். இங்கும் 432 வருவது தற்செயலே.

வாக்கிய பஞ்சாங்கத்துக்கும் திருக்கணித பஞ்சாங்கத்துக்கும் புத்தாண்டு பிறக்கும் நேரம் வேறுபடுவதற்கு இத்தகைய சிறு மிகைகளும் ஒரு காரணம். எனவே “எது பிழை” என்று ஊரிலே பிணங்குவதைவிட, இரண்டும் எவ்வாறு கணிக்கப்படுகின்றன என்று அறிவதே நன்று. முன்னோர் எண்ணை வணங்கியதோடு நின்றுவிடவில்லை, வானத்தோடு ஒப்பிட்டும் பார்த்தனர். நம் பிள்ளைகளும் ஒரு கொப்பியும் பென்சிலும் எடுத்து இவ்வகுத்தலைத் தாமே செய்து பார்ப்பார்களாக.