கோழியின் வீக்கம்

முற்றத்தில் வளரும் கோழியால் தன் நோயைச் சொல்ல இயலாது. தளர்ச்சியை வெளிக்காட்டாமல் மறைப்பதும் பறவைகளின் இயல்பு. ஆகவே, உடலில் வீக்கம் தென்பட்டால் அது எவ்விடத்தில் உள்ளது என்பதை நாமே உற்று நோக்க வேண்டும்.

கழுத்தின் அடியில் புடைத்திருப்பது இரைப்பை. கோழி தின்ற இரை முதலில் இப்பையில் தங்கும். மாலையில் இது நிறைந்திருப்பது நோயன்று, விடியற்காலையில் சுருங்கிவிடும். காலையில் தீனி இடுமுன் மெல்லத் தொட்டுப் பார்க்க வேண்டும். அப்போதும் கெட்டியாக இருந்தால், நீண்ட புல்லோ நாரோ அடைத்திருக்கக்கூடும்.

உள்ளங்கால் வீங்கி, நடுவில் கரிய பொருக்கு இருந்தால், காயத்தின் வழியே கிருமி புகுந்திருக்கலாம். கண்ணைச் சுற்றி வீங்கி, மூக்கில் நீர் வடிந்தால், அது பிற கோழிகளுக்கும் தொற்றும் சளிநோயாக இருக்கலாம். கொண்டையில் கொப்புளங்கள் தோன்றுவது அம்மையின் அறிகுறி. அதனைக் கொசுக்களும் பரப்பும். வயிறு பருத்து, கோழி அடிக்கடி முக்கினால், முட்டை உள்ளேயே சிக்கியிருக்கலாம். அந்நிலையில் காலந்தாழ்த்தினால் கோழி இறந்துவிடக்கூடும்.

காரணம் அறியாமல் வீக்கத்தைப் பிதுக்குதல், கீறுதல், வாயில் எண்ணெய் ஊற்றுதல் ஆகியன கூடா. எண்ணெய் மூச்சுக்குழாயில் புகுந்தால் உயிருக்கே கேடாகும். நோயுற்ற கோழியைத் தனியே நிழலில் வைத்துத் தூய நீர் தருக. பெரியவர்களிடம் கூறிக் கால்நடை மருத்துவரை நாடுக. வீக்கம் உள்ள இடம், தோன்றிய நாள், கெட்டியா மென்மையா என்பது, கோழி இரை எடுக்கிறதா என்பது ஆகிய நான்கையும் அவரிடம் கூறுக. கோழியைத் தொட்டபின் சோப்பினால் கை கழுவுக. பல கோழிகள் ஒரே சமயத்தில் நோயுற்றாலோ இறந்தாலோ அவற்றைத் தொடாமல் உடனே பெரியவர்களிடம் தெரிவிக்க.

சொற்பொருள்
இரை – உணவு
பொருக்கு – புண்ணின்மேல் காய்ந்த படலம்
கொண்டை – கோழியின் தலைமேல் உள்ள சிவந்த சதை
கேடு – தீங்கு

வினாக்கள்
1. இரைப்பையைக் காலையில் தொட்டுப் பார்ப்பது ஏன்?
2. கோழியின் வாயில் எண்ணெய் ஊற்றக்கூடாது. ஏன்?
3. கோடிட்ட இடத்தை நிரப்புக: சேவல் கூவும், கோழி ________.
4. எதிர்ச்சொல் எழுதுக: கெட்டி, தூய.

செயல்
உங்கள் கோழியின் உள்ளங்கால் வீங்கியுள்ளதாகக் கொண்டு, மருத்துவரிடம் கூற வேண்டியவற்றை நான்கு தொடர்களில் எழுதுக. ஊரிலுள்ள தாத்தா பாட்டியிடம் கோழி நோய்களின் பெயர்களைக் கேட்டு எழுதி வருக.