நீரிழிவு நோயும் கிராமக் கல்வியும்

காய்ச்சல் வந்தால் உடல் சுடுகிறது. தேள் கொட்டினால் கை கடுக்கிறது. ஆகவே இவற்றுக்கு மருத்துவம் தேட எவரும் தாமதிப்பதில்லை. நீரிழிவு நோய் அத்தகையதன்று. அது ஓசையின்றி உடலிற் புகுந்து, ஆண்டுக்கணக்கில் வலியேதும் காட்டாமல் தங்கி, கண், சிறுநீரகம், இதயம், கால் நரம்பு ஆகியவற்றைச் சிறிது சிறிதாகக் கெடுக்கிறது. காலில் முள் தைத்ததையும் உணராமல் வயலில் நடந்த விவசாயி, புண் அழுகிய பின்னரே ஆஸ்பத்திரிக்கு வருகிறார். அப்போது விரலையோ பாதத்தையோ எடுத்துவிட நேரிடுகிறது. உழைத்துண்ணும் குடும்பத்தில் ஒருவர் காலை இழந்தால், அக்குடும்பத்தின் ஏரே நின்றுவிடுகிறது.

இத்துன்பத்தின் பெரும்பகுதி தடுக்கக்கூடியதாகும். தடுக்கும் கருவி மாத்திரை மட்டுமன்று. நோயாளிக்கு முறையாக அளிக்கப்படும் கல்வியும் ஒரு மருந்தே. இது நமது மாநிலத்து டாக்டர்கள் ஆராய்ந்து கண்ட உண்மை. அதனைப் பஞ்சாயத்து உறுப்பினர்களும் விவசாயப் பெருமக்களும் அறிந்து பயன்கொள்ளும் பொருட்டு இங்கு எடுத்துரைக்கிறோம்.

நோயின் இயல்பு

நாம் உண்ணும் சோறும் களியும் வயிற்றில் செரித்துச் சர்க்கரையாக மாறி இரத்தத்தில் கலக்கின்றன. அச்சர்க்கரை உடலின் உயிரணுக்களுக்குள் சென்றால்தான் உழைக்கும் வலிமை உண்டாகும். உள்ளே செல்ல இன்சுலின் என்னும் சுரப்பு வேண்டும். இதனைக் கணையம் சுரக்கின்றது. பூட்டுக்குப் பெயர்பெற்ற திண்டுக்கல் வட்டாரத்தாருக்கு இதை விளக்குவது எளிது. உயிரணு பூட்டிய வீடு. இன்சுலின் அதன் சாவி. சிலருக்குச் சாவியே இல்லை. அவர்கள் இன்சுலின் ஊசி போட்டுக்கொண்டே ஆகவேண்டும். பெரும்பாலோருக்குச் சாவி இருந்தும் பூட்டு துருப்பிடித்துவிடுகிறது. நாளடைவில் சாவியும் போதாமற் போகிறது. உள்ளே செல்ல வழியில்லாத சர்க்கரை இரத்தத்திலேயே தேங்குகிறது.

வெறும் வயிற்றில் எடுத்த இரத்தத்தில் சர்க்கரை 126 மில்லிகிராம் அல்லது அதற்கு மேலும், குளுக்கோஸ் அருந்தி 2 மணி நேரம் கழித்து 200 அல்லது அதற்கு மேலும் இருப்பது நீரிழிவைக் குறிக்கும். இரண்டு மணி நேர அளவு 140 முதல் 199 வரை இருப்பின், அது நோய் வாயிலில் நிற்கும் நிலை. வாயிலில் நிற்கும் நோயைத் திருப்பியனுப்ப இயலும் என்பதே இக்கட்டுரையின் முக்கியமான செய்தி.

கிராமத்தில் நுழைந்த விதம்

இது நகரத்துச் செல்வரின் நோய் என்று முன்னர் எண்ணினோம். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆதரவில் நாடெங்கும் நடந்து 2023-இல் வெளியான ஆய்வு அவ்வெண்ணத்தை மாற்றிவிட்டது. நாட்டில் வயது வந்தோருள் நூற்றுக்கு 11.4 பேர் நீரிழிவு உடையோர். தமிழ்நாட்டில் இது 14.4. நோய் நகரங்களிலேயே மிகுதி எனினும், நோயின் வாயிலில் நிற்போர் தொகை நாட்டின் நகரங்களிலும் கிராமங்களிலும் ஏறத்தாழ ஒன்றாகவே, நூற்றுக்குப் பதினைந்து பேர் அளவில், உள்ளது.

காரணம் நம் கண்முன்னேயே இருக்கிறது. வேடசந்தூர், ரெட்டியார்சத்திரம் பக்கத்துக் கரிசலிலும் செம்மண்ணிலும் கமலை இறைத்தும் ஏர் பிடித்தும் பகல் முழுதும் நடந்தவர்களின் பேரப்பிள்ளைகள், இன்று பம்புசெட்டின் விசையைத் தட்டிவிட்டு மோட்டார் சைக்கிளில் வீடு திரும்புகின்றனர். சோளச்சோறும் கம்பங்கூழும் இருந்த இடத்தில், மூன்று வேளையும் தீட்டிய அரிசி வந்தமர்ந்தது. உழைப்பு குறைந்தது, உணவின் அளவோ குறையவில்லை. விஞ்ஞானம் தந்த வசதிகளைக் கைவிட வேண்டும் என்பதன்று நம் கருத்து. வசதிக்கேற்ப வாழ்க்கை முறையைத் திருத்திக்கொள்ள வேண்டும் என்பதே.

ஆராய்ச்சி காட்டிய வழி

நீரிழிவு உடையவருக்குப் பாடம் கற்பிக்க வேண்டும் என்னும் கொள்கை பழையது. இன்சுலின் 1921-இல் கண்டுபிடிக்கப்படுவதற்கு முன்னரே, அமெரிக்காவின் பாஸ்டன் நகரத்து டாக்டர் எலியட் ஜாஸ்லின், நோயாளிகள் படிப்பதற்கென 1918-இல் ஒரு கையேடு வெளியிட்டார். சென்னையில் டாக்டர் எம். விசுவநாதன் 1948-இல் ஸ்டான்லி ஆஸ்பத்திரியில் நீரிழிவுக்கெனத் தனிப்பிரிவு தொடங்கினார். 1954-இல் இராயபுரத்தில் தனி மருத்துவமனையும் நிறுவினார்.

அவருக்குப் பின் வந்த அறிஞர்களுள் டாக்டர் அ. இராமச்சந்திரனும் அவர்தம் குழுவினரும் 2006-இல் வெளியிட்ட ஆய்வு உலகின் கவனத்தை ஈர்த்தது. நோயின் வாயிலில் நின்ற 531 பேரை நான்கு பிரிவாக்கினர். ஒரு பிரிவினருக்கு வழக்கமான பொது அறிவுரை மட்டும். ஒரு பிரிவினருக்கு உணவு, நடை பற்றிய தொடர்ந்த போதனை. ஒரு பிரிவினருக்கு மெட்பார்மின் மாத்திரை. மற்றொரு பிரிவினருக்குப் போதனையும் மாத்திரையும். மூன்றாண்டு முடிவில், முதற்பிரிவில் நூற்றுக்கு 55 பேர் நோயாளிகளாயினர். போதனை பெற்ற பிரிவிலோ 39.3 பேர்; மாத்திரை உண்ட பிரிவில் 40.5 பேர், இரண்டும் பெற்றோரில் 39.5 பேர். அதாவது, தொடர்ந்த போதனை மாத்திரைக்கு நிகராக நின்றது. அப்போதனையும் எளியதே: நாள்தோறும் அரைமணி நேரம் விரைந்து நடத்தல், சர்க்கரையை விலக்குதல், தீட்டிய தானியத்தையும் எண்ணெயையும் குறைத்தல், நார்ச்சத்துள்ள உணவைக் கூட்டுதல். உடலுழைப்பு ஏற்கெனவே உடையோரை அதனை விடாது தொடரும்படி கூறினர்.

அதே குழுவினர் 2013-இல் வெளியிட்ட மற்றோர் ஆய்வில், நோய் வாயிலில் நின்ற 537 ஆண்களுள் ஒரு பகுதியினருக்குக் கைத்தொலைபேசி வழியே குறுஞ்செய்தியாக அறிவுரைகள் அனுப்பினர். இரண்டாண்டில், செய்தி பெற்றோருள் நூற்றுக்கு 18 பேருக்கும், பெறாதோருள் 27 பேருக்கும் நோய் கண்டது. ஒருமுறை சொல்லி விடுவது கல்வியன்று. மீண்டும் மீண்டும் நினைவூட்டுவதே கல்வி என்பது இதனால் விளங்கும்.

கிராமத்தில் இது நடக்குமா என்ற ஐயத்திற்கு விடை, செங்கற்பட்டுச் சீமையின் சூணாம்பேட்டில் கிடைத்தது. அங்கு டாக்டர் வி. மோகன் தலைமையில் 42 கிராமங்களில் ஒரு திட்டம் நடைபெற்றது. விண்வெளி ஆராய்ச்சி நிறுவனத்தின் செயற்கைக்கோள் தொடர்பு கொண்ட மருத்துவ வண்டி ஊர்தோறும் சென்றது. வயது வந்தோருள் நூற்றுக்கு 86.5 பேர், அதாவது 23,449 பேர், பரிசோதிக்கப்பட்டனர். அருகிலேயே ஒரு சிறு மருத்துவ நிலையமும் அமைந்தது. மூன்று மாதச் சராசரி சர்க்கரையைக் காட்டும் பரிசோதனையில், நோயாளிகளின் அளவு ஓராண்டில் 9.3-லிருந்து 8.5-ஆகத் தாழ்ந்தது. சென்னைக்கு அனுப்ப வேண்டியிருந்தவர் நூற்றுக்கு ஐவருக்கும் குறைவு. ஊரிலேயே சிகிச்சையும் கல்வியும் கிடைத்தால், ஊரார் அதனை ஏற்பர் என்பதற்கு இது சான்று.

நோயாளி கற்கவேண்டிய பாடங்கள்

1. மாத்திரையை நிறுத்தலாகாது. உடல் நன்றாயிருப்பது மாத்திரையின் பயனே. வேம்பும் பாகற்காயும் மாத்திரைக்கு ஈடாகா.

2. உணவில் அளவு வேண்டும். கம்பும் கேழ்வரகும் நல்லவையே. எனினும் அவையும் மாவுப்பொருள்தாம். தட்டில் பாதி காய்கறியும் கீரையும், கால் பங்கு பருப்பு அல்லது முட்டை, மீன், எஞ்சிய கால் பங்கு சோறோ களியோ இருக்கட்டும். ஒட்டன்சத்திரம் சந்தைக்குக் காய்கறி அனுப்பும் நாம், நம் வீட்டுத் தட்டிற்கும் அதில் ஒரு பங்கு வைக்க வேண்டும்.

3. மாத்திரை உண்டோ ஊசி போட்டோ பட்டினியாய் வயலுக்குச் செல்லலாகாது. நடுக்கம், வியர்வை, கண்ணிருட்டு, மனக்குழப்பம் தோன்றினால் சர்க்கரை மிகத் தாழ்ந்துவிட்டதென அறிக. உடனே மூன்று தேக்கரண்டி சர்க்கரையைத் தண்ணீரிற் கலந்து பருக வேண்டும். கால்மணியில் தெளியாவிடில் மீண்டும் பருகி, பின்னர் உணவு கொள்ள வேண்டும். நினைவிழந்தவர் வாயில் எதனையும் ஊற்றலாகாது. அவரை ஆஸ்பத்திரிக்குக் கொண்டு செல்க.

4. இன்சுலின் புட்டியை வெயில் படவிடலாகாது. குளிர்ப்பெட்டி இல்லாத வீட்டில், ஈரமணல் சூழ்ந்த மண்பானையினுள் வைக்கலாம்.

5. காலை முகம்போல் பேணுக. இரவுதோறும் பாதத்தையும் விரலிடுக்கையும் பார்க்க வேண்டும். கண் மங்கியவருக்கு வீட்டார் பார்த்துச் சொல்லட்டும். வெறுங்காலுடன் வயலிலும் களத்திலும் நடக்கலாகாது. கால் உணர்ச்சி குன்றியவர், தைப்பூசத்தின்போது திண்டுக்கல் சாலைவழியே பழனிக்குப் பாதயாத்திரை செல்ல விரும்பினால், முன்னதாக டாக்டரைக் கலந்து, காலணியுடனேயே செல்க. கொதிக்கும் தார்ச்சாலையில் வெந்த பாதம் அவருக்கு வலிக்காது, ஆனால் புண்ணாகும். இராயபுரத்து மருத்துவமனையினர் 2005-இல் வெளியிட்ட ஆய்வில், கால் பேணும் அறிவுரையைக் கண்டிப்பாய்ப் பின்பற்றியவர்களைக் காட்டிலும், பின்பற்றாதவர்களுக்கே புதிய புண்ணும் அறுவையும் மிகுந்தன.

6. ஆண்டிற்கொருமுறை கண், சிறுநீர், பாதம் மூன்றையும் பரிசோதிக்க வேண்டும். புகையிலையை அறவே விடுதல் வேண்டும்.

பஞ்சாயத்தின் பணி

டாக்டர் செளந்தரம் அம்மையார் 1947-இல் காந்திகிராமத்தை நிறுவியதிலிருந்தே, சுகாதாரக் கல்வி இவ்வட்டாரத்திற்குப் புதிதன்று. 1964-இல் அங்கு அமைந்த கிராம சுகாதார நிறுவனம், மக்களுக்குச் சுகாதாரம் போதிப்போரைப் பயிற்றி வந்துள்ளது. 2021 ஆகஸ்ட் 5-இல் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டம், இரத்த அழுத்த மாத்திரைகளையும் நீரிழிவு மாத்திரைகளையும் வீட்டு வாயிலுக்கே கொணர்கிறது. மாத்திரை வந்துவிட்டது, பாடமும் உடன்வர வேண்டும். அது பஞ்சாயத்து முன்னின்று செய்யத்தக்க பணி.

கிராம சபை கூடும் நாட்களில் கால்மணி நேரத்தை இப்பாடத்திற்கு ஒதுக்கலாம். ஆரம்ப சுகாதார நிலையத்துச் செவிலியரை அழைத்து, முப்பது வயது கடந்தோர் அனைவருக்கும் பரிசோதனை நடத்தலாம். நோயை நன்கு பேணிவரும் உள்ளூர் விவசாயி ஒருவரையே பேசச் செய்யலாம். அவர் சொல் அண்டைவயற்காரருக்கு எளிதிற் பதியும். பெண்கள் அச்சமின்றி நடக்கக்கூடிய விளக்கு வெளிச்சமுள்ள பாதை ஒன்றை ஊருக்கு அமைத்துத் தரலாம். கேட்டவர் புரிந்துகொண்டனரா என அறிய, அவரையே திருப்பிச் சொல்லச் செய்வது சிறந்த முறை.

பயிரில் பூச்சி விழுமுன் வரப்பில் நின்று பார்ப்பது விவசாயியின் வழக்கம். இன்றிரவு விளக்கடியில் அமர்ந்து தம் பாதத்தையும் அவ்வாறே ஒருமுறை பார்ப்பாராக. அடுத்த கிராம சபைக்கு வரும்போது, தம் இரத்தத்துச் சர்க்கரை அளவை ஒவ்வொருவரும் அறிந்து வருவாராக.