‘விசேஷம் உண்டா?’ என்று கேட்பவர்களை விடு, முதலில் இதைச் செய்!

கல்யாணமாகி மூன்று மாதம் முடிவதற்குள் ‘என்னம்மா, விசேஷம் ஏதாவது உண்டா?’ என்று ஆரம்பித்துவிடுவார்கள். அவர்களுக்குப் பதில் தேடியே சோர்ந்துபோகாதே, தங்கச்சி. சிகிச்சைக்கு அலையும் பெண்கள் பணத்தைவிட அதிகமாகத் தொலைப்பது மாதங்களைத்தான். தப்பான நாளில் டெஸ்ட், தேவையில்லாத சிகிச்சை, ‘இன்னும் ஒரு வருஷம் பார்ப்போம்’ என்ற தள்ளிப்போடல் என்று காலம் ஓடிவிடும். அதனால் அக்கா சொல்கிற வரிசையில் போ.

1. எப்போது டாக்டரைப் பார்ப்பது?
உனக்கு 35 வயதுக்குள் என்றால் ஒரு வருடம் முயற்சி செய்து பார். 35 தாண்டினால் 6 மாதம் போதும். 40 ஆகிவிட்டதா? உடனே கிளம்பு. மாதவிலக்கு இரண்டு மூன்று மாதத்துக்கு ஒருமுறை வந்தாலும், அந்த நாட்களில் வலியில் சுருண்டு படுத்தாலும், முன்பு டி.பி. வந்திருந்தாலும் காத்திருக்காதே. டி.பி. கிருமி கர்ப்பப்பைக்கும் போகும், கருக்குழாயை அடைத்துவிடும்.

2. தனியாகப் போகாதே, அவரையும் கூட்டிப் போ
எல்லா ஸ்கேனும் உனக்கு எடுத்துவிட்டுக் கடைசியில் அவரைக் கூப்பிடுவது பெரிய தப்பு. விந்து பரிசோதனைக்குச் செலவு குறைவு, ஊசிகூடக் கிடையாது. அதை முதலிலேயே முடி.
- விந்து கொடுப்பதற்கு முன் 2 முதல் 7 நாள் விந்து வெளியேறாத இடைவெளி வேண்டும்.
- வீட்டில் எடுத்தால் ஒரு மணி நேரத்துக்குள் லேபில் சேர்த்துவிடு. ஃபிரிட்ஜில் வைக்காதே.
- ரிப்போர்ட் சரியில்லை என்றால் அழாதே, மறுபடி எடுக்கச் சொல். காய்ச்சல் வந்து போயிருந்தால்கூட எண்ணிக்கை குறையும். புது விந்தணு உருவாகி வர ஏறக்குறைய மூன்று மாதம் பிடிக்கும்.
- ஜிம்மில் உடம்பு ஏற்ற டெஸ்டோஸ்டீரான் ஊசி போடுகிறாரா? டாக்டரிடம் மறைக்காமல் சொல்லச் சொல். அது விந்தணு உற்பத்தியையே நிறுத்திவிடக்கூடும்.

3. டெஸ்டுக்கு நாள் பார்த்துப் போ
நாள் தவறினால் ஒரு மாதம் வீண்.
- எஃப்.எஸ்.எச்., எல்.எச். ஹார்மோன்கள்: மாதவிலக்கின் 2 அல்லது 3-ம் நாள்.
- கருக்குழாய் அடைப்பு பார்க்கும் எச்.எஸ்.ஜி.: ரத்தப்போக்கு நின்ற பிறகு, கருமுட்டை வெளிவருவதற்கு முன்.
- புரோஜெஸ்டிரோன்: அடுத்த மாதவிலக்குக்கு 7 நாள் முன்பு. 28 நாள் சுழற்சி என்றால் 21-ம் நாள். உனக்கு 35 நாள் சுழற்சியா? அப்படியென்றால் 28-ம் நாள்.
- தைராய்டு, ஏ.எம்.எச்.: எந்த நாளும் எடுக்கலாம். ஏ.எம்.எச். குறைந்தால் ‘இனிக் குழந்தையே இல்லை’ என்று முடிவுகட்டாதே. முட்டை இருப்பு எவ்வளவு என்றுதான் அது சொல்லும்.

எல்லா ரிப்போர்ட்டையும் தேதி வரிசையில் ஒரே ஃபைலில் போடு. ஆஸ்பத்திரி மாறினால் எல்லா டெஸ்டையும் மறுபடி எடுக்க வேண்டிய தண்டச் செலவு மிச்சமாகும்.

4. சிகிச்சையில் படிப்படியாக ஏறு
- சினைப்பை நீர்க்கட்டி (பி.சி.ஓ.டி.) இருந்து எடையும் கூடுதலா? 5 முதல் 10 சதவீதம் குறைத்தாலே பலருக்கு மாதவிலக்கு சீராகும். பட்டினி கிடக்காதே, சோற்றின் அளவைக் குறைத்துக் காயைக் கூட்டு, தினமும் நட.
- கருமுட்டை வளர லெட்ரோசோல் மாதிரி மாத்திரை கொடுப்பார்கள். பக்கத்து வீட்டுப் பெண்ணின் சீட்டைக் காட்டி மெடிக்கலில் வாங்கிப் போடாதே. ஸ்கேனில் பார்த்துக்கொண்டே சாப்பிட வேண்டிய மருந்து அது.
- ஐ.யு.ஐ. (விந்தணுவைக் கர்ப்பப்பைக்குள் செலுத்துவது) பலன் தர ஒரு கருக்குழாயாவது திறந்திருக்க வேண்டும். மூன்று நான்கு முறை செய்தும் தங்கவில்லை என்றால், ‘அடுத்து என்ன?’ என்று நீயே கேள்.
- இரண்டு குழாயும் அடைப்பு என்றால் ஐ.வி.எஃப். (முட்டையையும் விந்தணுவையும் லேபில் சேர்ப்பது). விந்தணு மிகக் குறைவு என்றால் இக்ஸி (ஒரு விந்தணுவை முட்டைக்குள் ஊசியால் செலுத்துவது).

5. பணம் கட்டுவதற்கு முன் கேள்
- 2021-ம் ஆண்டு செயற்கைக் கருத்தரிப்புச் சட்டப்படி பதிவு செய்த மையமா?
- என் வயதுப் பெண்களில் எத்தனை பேருக்குக் குழந்தை பிறந்தது? (கர்ப்ப டெஸ்ட் ‘பாசிட்டிவ்’ ஆனவர்களின் கணக்கைக் காட்டினால் ஏமாறாதே.)
- ஊசி, கரு உறைய வைப்பது எல்லாம் சேர்த்து மொத்தம் எவ்வளவு? எழுதி வாங்கு.
- எத்தனை கருவை வைப்பீர்கள்? இரட்டைக் குழந்தை கேட்க ஆசையாக இருக்கும், ஆனால் குறைப்பிரசவ ஆபத்து கூடும்.

‘ஆண் குழந்தைக்கு உத்தரவாதம்’ என்று யாராவது சொன்னால் அந்த நிமிஷமே எழுந்து வா. அது சட்டப்படி குற்றம்.

6. சிகிச்சைக்குப் பிறகு
- படுத்த படுக்கையாகக் கிடக்காதே. நடந்தால் கரு விழுந்துவிடாது.
- வீட்டு கிட்டில் அவசரப்பட்டுப் பார்க்காதே. கருமுட்டை வெளிவரப் போட்ட ஊசியே பொய்யாகப் பாசிட்டிவ் காட்டக்கூடும். டாக்டர் சொன்ன நாளில் ரத்தப் பரிசோதனை செய்.
- லேசாகக் கறை பட்டதும் நீயாக மருந்தை நிறுத்தாதே.
- வயிறு உப்பி, எடை சட்டென ஏறி, மூச்சு வாங்கி, சிறுநீர் குறைந்தால் ராத்திரி என்றாலும் ஆஸ்பத்திரிக்குப் போ. பாசிட்டிவ் வந்த பிறகு ஒரு பக்கம் கடுமையாக வலித்து மயக்கம் வந்தாலும் அப்படித்தான். குழாயில் கரு தங்கியிருக்கலாம்.

7. இன்றைக்கே தொடங்க இரண்டு
டாக்டரிடம் கேட்டு ஃபோலிக் ஆசிட் மாத்திரை ஆரம்பி. சாதாரணமாக தினம் 400 மைக்ரோகிராம் போதும். அது தேவைப்படுவது குழந்தையின் முதுகுத்தண்டு உருவாகும்போது; அப்போது உனக்கு நாள் தள்ளியதுகூடத் தெரிந்திருக்காது, அதனால்தான் முன்கூட்டியே. அடுத்து, மாதவிலக்கு வந்த தேதிகளை காலண்டரில் குறித்துவை. டாக்டரின் முதல் கேள்வியே அதுதான்.

இனி யாராவது ‘விசேஷமா?’ என்று கேட்டால், ‘இருந்தால் சொல்கிறேன் அத்தை’ என்று சொல்லிவிட்டு நகர்ந்துவிடு. பேச வேண்டியது உன் வீட்டுக்காரரிடம். இன்று ராத்திரி சாப்பாடு முடிந்ததும், அவர் டி.வி. போடுவதற்கு முன்னால், எந்த நாள் லேபுக்குப் போகலாம் என்று கேட்டுவிடு.